டர்பனில் இரட்டைப் பிள்ளை பெற்ற அம்மாமார் இருக்கிறீர்களா?

எல்லாருக்கும் வணக்கம். நான் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். என் தங்கைக்கு 37 வயது, ஐவிஎஃப் சிகிச்சையில் (கருவை வெளியே உருவாக்கிக் கருப்பையில் வைப்பது) இரட்டைப் பிள்ளை தங்கி இப்போது 29 வாரம்.

இரண்டு கரு வைத்தபோது ஒன்றாவது தங்கட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டோம். இரண்டும் தங்கியதும் வீடே கொண்டாடியது. ஆனால் இரட்டையரில் ஏறக்குறைய பாதிப் பேர் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகிறார்கள் என்பதை இப்போதுதான் அறிந்தோம். எடை 2.5 கிலோவுக்குக் கீழே இருக்கலாம், நுரையீரல் முதிராமல் மூச்சு திணறலாம், பால் உறிஞ்சத் தெம்பு இருக்காது. உலகெங்கும் இரட்டைப் பிரசவம் கூடிவருகிறது, 1980களில் ஆயிரத்துக்கு 9, இப்போது 12. தாமதமாகத் தாயாவதும் இந்தச் சிகிச்சையும்தான் காரணம். அப்படியிருந்தும் இதையெல்லாம் முன்பே உட்கார்ந்து சொல்ல ஆளில்லை.

அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்திருக்கிறாள். எனக்கு உங்கள் அனுபவம் வேண்டும். உங்கள் பிள்ளைகள் எத்தனை வாரத்தில் பிறந்தார்கள்? இன்குபேட்டரில் எத்தனை நாள்? நெஞ்சோடு அணைத்துச் சூடு கொடுக்கும் கங்காரு முறையை இரண்டு பிள்ளைக்கும் எப்படிச் செய்தீர்கள், அப்பாவும் மாற்றிக்கொண்டாரா? தாய்ப்பால் போதாதபோது பால் வங்கியில் கிடைத்ததா?

அப்புறம், குறைமாதப் பிள்ளைக்கான சின்னச் சட்டைகள் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.