பீம் கம்பிக் கணக்கில் 500-ஆ, 580-ஆ?

வணக்கம்ங்க. பெருந்துறைப் பக்கம் அப்பாவுக்கு வீடு கட்டுகிறோம். ஹால் பீமுக்கு அடியில் எஃப்.இ. 500 தரத்தில் (சதுர மி.மீ.க்கு 500 நியூட்டன் வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும் கம்பி) 12 மி.மீ. கம்பி நான்கு. ஒன்றின் பரப்பு 113 சதுர மி.மீ., நான்குக்கும் 452. ஐ.எஸ். 456 (கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரவிதி) முறைப்படி, பாதுகாப்புக்காக 500-ஐ 1.15-ஆல் வகுத்தால் 435. அதை 452-ஆல் பெருக்கினால் 197 கிலோநியூட்டன், கிட்டத்தட்ட 20 டன் இழுவிசை. இதுவரை சரி.

கம்பியோடு வந்த சோதனைச் சான்றில் இழுவலிமை 580 என்று இருக்கிறது. அதைப் பார்த்த மேஸ்திரி, "580 வைத்தால் மூன்று கம்பியிலேயே அதே 197 வருதுங்களே, ஒன்றைக் குறைச்சுக்கலாம்" என்கிறார். பெருக்கிப் பார்த்தேன், உண்மையாகவே வருகிறது! ஆனால் 580 கம்பி அறுவதற்கு முன் தாங்கும் உச்சம். 500-ஐத் தாண்டினாலே கம்பி நிரந்தரமாக நீளும், பீம் வெடிப்பு விடும். 1.15 என்ற பாதுகாப்பும் போய்விடும். நான் புரிந்துகொண்டது சரிதானுங்களா? அனுபவமுள்ள இன்ஜினியர்கள் சொல்லுங்கள். திங்கட்கிழமை கான்கிரீட். அதுவரை நான்காவது கம்பியை எடுக்க விடமாட்டேன்.