குளத்துல ஆராய்ச்சி பண்ண ஒரு டீம் வாராங்க, ஊர்க்காரங்க நாம என்ன கேக்கணும்?

குளத்தங்கரை:

எல்லாருக்கும் வணக்கம். நமக்கு ஊர் சேரன்மாதேவி பக்கம், கன்னடியன் கால்வாய் பாசனம், குளம் ரொம்பினா காரும் பிசானமும் ரெண்டு போகமும் உண்டு. அடுத்த மாசம் ஒரு காலேஜ்ல இருந்து டீம் வருதாம், குளத்துத் தண்ணி, பறவை, அமலைச்செடி (ஆகாயத்தாமரை) எல்லாத்தையும் ஒரு வருசம் பாத்து ஆராய்ச்சி பண்ணணும், ஊர் ஒத்துழைக்கணும்னு பஞ்சாயத்துக்கு லெட்டர் குடுத்திருக்காவ. ஊர்ல பாதிப்பேரு வேண்டவே வேண்டாங்காவ. அதுக்குக் காரணம் இருக்கு.

நாலு வருசத்துக்கு முன்னால இதே மாதிரி வேற ஒரு டீம் வந்துச்சு. பதினஞ்சு நாள் தங்குனாவ, எங்க வீட்லயும் சாப்பிட்டிருக்காவ, நல்ல பிள்ளைகதான், குறை சொல்ல மாட்டேன். குளத்துத் தண்ணிய வயலுக்குப் பாச்சிவிடுற எங்க ஊரு நீர்ப்பாச்சித் தாத்தா தெனமும் விடியக்காலம் கரை சுத்திக் கூட்டிட்டுப் போயி எந்த மடை எப்ப பழுதாச்சு, அமலை எந்த வருச வெள்ளத்துல வந்து சேந்துச்சு, எந்த மூலையில கொக்கு அடையுதுன்னு ஒண்ணுவிடாம சொன்னாரு, அவிய போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கிட்டாவ. ரிப்போர்ட் அனுப்புதோம்னு சொல்லிட்டுப் போனவிய போனதுதான். போன வருசம் என் சித்தப்பா மவன் நெட்ல தேடி எடுத்தான், இங்கிலீஷ்ல கட்டுரையா வந்திருக்கு, எங்க குளத்துக்கு பேரு இல்ல, ஒரு நம்பர் போட்டிருக்கு, தாத்தாவ "உள்ளூர்வாசி ஒருவர்"னு போட்டிருக்கு.

தாத்தா என்னைய திண்ணையில உக்கார வச்சு வரிவரியா தமிழ்ல சொல்லச் சொன்னாரு. பாதி வரைக்கும் தலையாட்டிட்டே கேட்டவரு ஒரு எடத்துல நிறுத்துன்னாரு. குளம் ரொம்பி வழியிற மறுகால் தெக்க இருக்குன்னு போட்டிருக்கு, அது வடக்கல்லா இருக்கு, அப்ப கீழக்குளத்துக்கு தண்ணி போற கணக்கே தப்பாப் போச்சேன்னாரு. அச்சாகுறதுக்கு முன்னால ஒரு தடவ அவருகிட்ட காட்டியிருந்தா ஒரு நிமிசத்துல திருத்திருப்பாரு. அவருக்குப் பேரு வரலங்கிற வருத்தம் கூட இல்ல, தப்பா அச்சாயிருச்சேங்கிறதுதான் இன்னைக்கும் பேச்சு.

எனக்கு வேண்டாம்னு சொல்ல மனசில்ல, ஏன்னா அமலை எங்களால சமாளிக்க முடியாத அளவுக்கு வந்துட்டு, தெரிஞ்சவங்க யாராச்சும் வழி சொன்னாத்தான் உண்டு. ஆனா இந்தத் தடவையும் அப்பிடியே ஆயிரக்கூடாது. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க, என்ன கேட்டு வாங்கணும், எதை முன்னாலயே பேசி முடிக்கணும்?

வரித்தலை வாத்து:

அண்ணாச்சி, வேண்டாம்னு மட்டும் சொல்லிராதீங்க. நான் கூந்தன்குளம் பக்கத்து ஊரு. 1994ல பறவை சரணாலயம்னு அறிவிச்சாவ, 2022ல ராம்சார்ங்கிற உலக ஈரநிலப் பட்டியல்லயும் வந்துட்டு, ஆனா அதுக்கெல்லாம் முன்னாலயே பறவைய காத்தது ஊருதான். தீவாளிக்கு வேட்டு போட மாட்டாவ, கூட்டுல இருந்து குஞ்சு விழுந்தா எடுத்து வளத்து விடுவாவ. எச்சம் விழுந்த குளத்துத் தண்ணியும் வண்டலும் வயலுக்கு உரம், அந்தக் கணக்கு எங்க அப்பா காலத்துலயே எல்லாருக்கும் தெரியும். பறவை பாக்க வாரவியளுக்கு பால்பாண்டின்னு ஒருத்தரு எல்லாம் காட்டுவாரு, வனத்துறையில பறவைக்காவலரா இருந்தவரு, பெரிய படிப்பு கிடையாது, ஆனா எந்தக் கூட்டுல எத்தன குஞ்சு இருக்குன்னு வாய்க்கணக்கா சொல்லுவாரு. கொரோனா சமயத்துல 2021ல போயிட்டாரு. அவரு சொன்ன கணக்கை வச்சு எத்தன பேரு எழுதியிருப்பாங்க. நான் சொல்ல வாரது என்னன்னா, ஊருக்குத் தெரிஞ்சது ஆராய்ச்சிதான், அது பேப்பர்ல ஏறல அவ்வளவுதான்.

இன்னொண்ணு, குளத்துக்குள்ள நிக்கிற கருவேல மரத்தையும் உடைமரத்தையும் மொத்தமா வெட்டணும்னு யாராச்சும் சொன்னா அவசரப்படாதீங்க. நாரையும் கூழைக்கடாவும் அதுலதான் கூடு கட்டுது. எந்த மரத்தை விடணும், எந்த மாசத்துல கை வைக்கலாம்னு அந்த டீமையும் நீர்ப்பாச்சியையும் ஒரே நாள்ல கரையில நிக்க வச்சுப் பேச வைங்க.

கீழ்க்கரை மாணவி:

நான் அந்தப் பக்கத்துல இருந்து பேசுதேன், தப்பா எடுத்துக்காதீங்க. நானும் ரெண்டு வருசம் குளத்துல சாம்பிள் எடுத்த ஆளுதான். நீங்க எழுதுனத வாசிக்கும்போது எனக்கு உள்ள குத்துச்சு, ஏன்னா ஒரு ஊர்ல நான் கேள்வித்தாளோட உக்காந்து வீட்ல எத்தன ஆடு எத்தன மாடுன்னு கேட்டுட்டிருந்தப்போ ஒரு ஆச்சி, "எங்கிட்ட கேட்டு எழுதிக்கிட்டத எங்கிட்ட என்னைக்குத் திருப்பிச் சொல்லுவ தாயி?"ன்னு கேட்டாங்க. எனக்கு பதில் இல்ல.

குளத்துல நடந்ததையும் சொல்லுதேன். மீன் குத்தகை எடுத்த அண்ணன் ஒருத்தரு மீன் சாவுதுன்னு புலம்பிட்டே இருந்தாரு. நான் காலையில பஸ் புடிச்சு பதினோரு மணிக்குப் போயி தண்ணியில ஆக்சிஜன் பாத்தா ஓரளவு நல்லாவே காட்டுது. மூணு மாசம் அப்பிடியே எழுதி வச்சேன். அந்த ஊரு நீர்ப்பாச்சிதான், "நீ வெயில் வந்த பெறகு வாற, மீன் மேல வந்து வாய் பொளக்குறது கோழி கூவுறதுக்கு முன்னால"ன்னாரு. ஒரு நாள் அங்கயே ஒரு வீட்ல தங்கி காலையில நாலரைக்கு டார்ச் அடிச்சுட்டுப் போனோம். அமலை மூடுன பக்கம் மீட்டரை விட்டா கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல. அமலை மேல மூடிட்டா வெளிச்சம் உள்ள போகாது, அடியில அழுகுறது இருக்குற ஆக்சிஜனையும் தின்னுரும், ராத்திரி முழுக்க தின்னு தின்னு விடியக்காலம்தான் ரொம்பக் கொறைஞ்சு நிக்கும். இது புஸ்தகத்துல எனக்குத் தெரிஞ்சதுதான், ஆனா என் குளத்துல எப்ப எங்க போயி பாக்கணும்னு தெரிஞ்சது அவருக்கு. அந்த ஒரு காலைக்கு முன்னால எடுத்த மூணு மாசக் கணக்கும் மீன் சாவுக்கு ஒதவல.

அதனால அவங்க வந்தவுடனே, எப்ப எங்க சாம்பிள் எடுக்கணும்னு முடிவு பண்றதுலயே உங்க தாத்தாவ உக்கார வைங்க. முடிவெல்லாம் அவங்க ரூம்ல எடுத்துட்டு வந்து வழிகாட்ட மட்டும் கூப்பிட்டா ஒத்துக்காதீங்க. நடு வருசத்துல ஒரு தடவ, முடிவுல ஒரு தடவ, ஊர்க்கூட்டத்துல தமிழ்ல சொல்லணும், அச்சுக்கு அனுப்புற முன்னால சொல்லணும். நான் படிப்பு முடிச்ச பெறகு ஒரு சார்ட்ல வரைஞ்சு அந்த ஆச்சி வீட்டுத் திண்ணையில வச்சுச் சொல்லிட்டு வந்தேன், ரெண்டு வருசம் தாமசம்தான், ஆனா போனேன்.

தேரிக்காடு:

கூலியும் கேளுங்க. நீர்ப்பாச்சி நாள் முழுக்க அவங்க கூட நடந்தா அவரு வேலை கெடுது. எங்க ஊர்ல இதைப் பேசாம விட்டு பெறகு சண்டையாச்சு.

பொதிகைச்சாரல்:

ஏற்கெனவே சொன்னதெல்லாம் சரி. நான் எழுத்துல வாங்குறதப் பத்திச் சொல்லுதேன், ஏன்னா நம்ம மலைக்கு அந்தப் பக்கமே இதுக்குப் பெரிய உதாரணம் இருக்கு.

1987ல அகத்தியமலையில செடி ஆராய்ச்சிக்குப் போன விஞ்ஞானிகளுக்கு ஏற ஏற மூச்சு வாங்குது, கூட வந்த காணிக்காரங்க, அந்த மலையில வாழுற பழங்குடி, அவங்க மட்டும் ஏதோ ஒரு காயைத் தின்னுகிட்டு அசராம நடக்காங்க. கேட்டா முதல்ல சொல்லல, பெறகுதான் காட்டுனாங்க. அதுதான் ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரத்துப் பக்கம் பாலோட்டுல இருக்குற தாவர ஆராய்ச்சி நிலையம் அதை வச்சு ஜீவனின்னு மருந்து செஞ்சு, 1995ல கோயம்புத்தூர் கம்பெனி ஒண்ணுக்கு தயாரிக்கிற உரிமையக் குடுத்துச்சு. அதுக்கு வந்த பத்து லட்சத்துலயும் ராயல்டியிலயும் பாதி காணிகளுக்குன்னு முடிவாகி, 1997ல அவங்க பேர்லயே ஒரு டிரஸ்ட் ஆரம்பிச்சாங்க. உலகம் முழுக்க இதைப் பேசுனாங்க. ஆனா காட்டுல அந்தச் செடியப் பறிக்க வனத்துறை அனுமதி இல்லாம இழுத்துச்சு, காணிகள்லயே சில பேரு எங்களைக் கேக்கவே இல்லன்னு சொன்னாங்க. இதுல எனக்குப் படுறது, பணத்தைப் பங்கு போடுறதுக்கு முன்னால யாரைக் கேட்டோம்ங்கிறது முக்கியம். உங்க ஊர்லயும் பஞ்சாயத்து தலைவர் ஒருத்தரு கையெழுத்து மட்டும் போதாது, நீர்ப்பாச்சி, மீன் குத்தகைக்காரர், ஆடு மேய்க்கிறவங்க, குளத்துல கீரை பறிக்கிற பொம்பளைங்க எல்லாரும் இருக்குற கூட்டத்துல பேசுங்க.

2002ல வந்த பல்லுயிர் சட்டப்படி பஞ்சாயத்துக்கு ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கணும், ஊர்ல உள்ள செடி, பறவை, மீனெல்லாம் எழுதி வைக்கிற மக்கள் பல்லுயிர் பதிவேடும் இருக்கணும். அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்க, உங்க குளம் அதுல ஏறியிருக்கான்னு பாருங்க, ஏறலைன்னா இந்த டீம் எடுக்குற பறவைக்கணக்கு செடிக்கணக்கு எல்லாத்துலயும் ஒரு நகல் அதுக்குள்ள போகணும்னு எழுதி வாங்குங்க. அப்ப அவங்க போனாலும் கணக்கு ஊர்ல இருக்கும்.

மணிமுத்தாறுல இருக்குற அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையத்துக்கும் ஒரு நட போயிட்டு வாங்க. தாமிரபரணி பாசனக் குளங்கள்ல 2011ல இருந்து சனவரி மாசம் நீர்ப்பறவை கணக்கெடுக்காவ, பள்ளிக்கூடப் பிள்ளைங்க, வாத்தியாருங்க, வெளியூர்க்காரங்கன்னு யாரு வேணும்னாலும் சேரலாம். உங்க ஊரு பிள்ளைங்க நாலு பேரு அதுல ஒரு தடவ நின்னுட்டு வந்தா, டீம் வந்து பேசும்போது என்ன பேசுதாங்கன்னு அவங்களுக்கே புரியும்.

குளத்தங்கரை:

எல்லாருக்கும் நன்றி, நேத்து கூட்டம் போட்டுட்டோம். தங்கச்சி எழுதுன அந்த நாலரை மணி விசயத்தைச் சத்தமா வாசிச்சேன், எங்க மீன் குத்தகைக்காரரு எந்திச்சு நின்னு இங்கயும் அதே கததான்னாரு, அதுக்குப் பெறகு வேண்டாம்னு சொன்னவியளும் கொஞ்சம் இறங்கி வந்தாவ. வரச் சொல்லலாம், ஆனா சாம்பிள் எடுக்குற எடமும் நேரமும் கரையில நின்னு முடிவு பண்ணணும், நீர்ப்பாச்சிக்கு நாள்கூலி, தை முடிஞ்சு ஒரு தடவயும் கடைசியில ஒரு தடவயும் அம்மன் கோயில் முன்னால தமிழ்ல சொல்லணும், கட்டுரையில குளத்துக்குப் பேரு போடணும், நகல் ஒண்ணு பதிவேட்டுல சேரணும்னு தலைவர் லெட்டர் எழுதுதாரு. பதிவேடு எங்க இருக்குன்னு நாளைக்குப் போயி கேக்கணும்.

தாத்தா கூட்டம் முடியுற வரைக்கும் ஒண்ணும் பேசல. வீட்டுக்கு வாரப்போ, தண்ணி அளக்க அவிய கம்பு கொண்டாருவாவளா இல்ல நாமளே மூங்கில் வெட்டி வைக்கணுமான்னு கேட்டாரு. மடைக்கல்லுல நாலாவது படி முங்குனா பிசானத்துக்குத் தண்ணி பத்தும்ங்கிறது அவரு கணக்கு, அந்தப் படியையும் கம்புல குறிச்சுக் காட்டணுமாம்.