மாருதி ஆம்னி வேனில் கியர் விழவில்லை, 16ஆம் தேதி லோடு இருக்கிறது. உதவுங்கள்

ஐஸ்பெட்டி_பாம்பன் (ஜூன் 12, இரவு 9.40)
வணக்கம். கிளட்சை முழுசாக மிதித்தாலும் கியர் விழவில்லை. ஃபர்ஸ்ட்டுக்குத் தள்ளினால் கர்ர்ர் என்று கத்துகிறது. ரிவர்ஸ் பற்றிக் கேட்கவே வேண்டாம். வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், வர ஒரு வாரம் ஆகுமாம். 16ஆம் தேதி விடிகாலை லோடு ஏற்றியே ஆக வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

பரமக்குடி_பையன் (9.52)
எந்த வருட வண்டி? எத்தனை கிலோமீட்டர்? கிளட்ச் செட் கடைசியாக எப்போது மாற்றியது? பெடல் கெட்டியா, தொளதொளவா? இன்ஜின் அணைந்திருக்கும்போது கியர் விழுகிறதா? இது எதுவும் சொல்லாமல் கேட்டால் சோழி உருட்டித்தான் பார்க்க வேண்டும்.

கீழக்கரை_பாய் (9.58)
கேபிள்தான். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆம்னிக்கும் மாருதி 800 காருக்கும் கிளட்ச் கேபிளில்தான் வேலை செய்யும். நம் உப்புக் காற்றுக்கு உறைக்குள் இருக்கும் கம்பி இழை இழையாக அறும், வெளியே தெரியாது. ஏர்வாடியிலிருந்து வரும்போது என் 800-க்கு இதே கதை. கழற்றிப் பார்த்தால் இரண்டே இரண்டு இழைதான் மிச்சம். அதை இன்னும் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். கேபிளை மாற்றுங்கள், அரை மணி நேர வேலை.

பழைய_ஸ்பானர் (10.15)
இந்த மன்றத்தில் எந்தக் கேள்வி இழையைத் திறந்தாலும் பாய் கேபிளோடுதான் வருகிறார். ஸ்டார்ட் ஆகவில்லை என்றாலும் கேபிள்தான் சொல்வார்.

தம்பி, கிளட்ச்சில் பெரிய கோளாறு இரண்டுதான். ஒன்று வழுக்குவது: ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் இரையும், வண்டி வேகம் எடுக்காது. இன்னொன்று விடாமல் பிடித்துக்கொள்வது: பெடலை மிதித்தாலும் இன்ஜினும் கியர்பாக்ஸும் பிரியாது, அதனால் கியர் கத்தும். உங்களுடையது இரண்டாவது. இந்த வித்தியாசம்கூடத் தெரியாமல் வண்டி வைத்திருக்கிறீர்கள், பரவாயில்லை. கிளட்ச் தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் போயிருக்கும். கியர்பாக்ஸை இறக்கி செட்டாக மாற்றுங்கள். 22 வருடமாக இந்த வேலைதான் பார்க்கிறேன்.

ஐஸ்பெட்டி_பாம்பன் (10.31)
2009 வண்டி. மீட்டர் ஓடாது, கிலோமீட்டர் தெரியாது. கேபிள் போன தீபாவளிக்குத்தான் மாற்றியது. பெடல் எப்போதும் போலத்தான் இருக்கிறது. இன்ஜினை அணைத்துவிட்டால் எல்லா கியரும் சத்தமில்லாமல் விழுகிறது. செட் மாற்ற இப்போது கையில் காசு இல்லை அண்ணே.

பரமக்குடி_பையன் (10.40)
அணைத்தால் விழுகிறது என்றால் கியர்பாக்ஸ் தப்பித்தது. ஒரு சோதனை செய்யுங்கள். சமதரையில் இன்ஜினை அணைத்து, ஃபர்ஸ்ட் கியர் போட்டு, யாரையாவது பெடலை அடிவரை மிதிக்கச் சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளுங்கள். உருண்டால் கிளட்ச் பிரிகிறது. உருளாவிட்டால் பிரியவில்லை. அப்புறம் அடியில் படுத்து, மிதிக்கும்போது கேபிள் முனையில் இருக்கும் லீவர் நன்றாக அசைகிறதா என்று பாருங்கள். அசையாவிட்டால் பாய் சொல்வது சரி. அசைந்தும் வண்டி உருளாவிட்டால் கோளாறு உள்ளே.

தொண்டி_டீச்சர் (11.05)
ஒன்று கேட்கட்டுமா? பெயரில் ஐஸ்பெட்டி, ஊர் பாம்பன், லோடு 16ஆம் தேதி விடிகாலை. மீன் வண்டிதானே? மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய ஏப்ரல் 15-இலிருந்து நின்ற வண்டியா இது?

ஐஸ்பெட்டி_பாம்பன் (11.12)
ஆமா டீச்சர், மீன் வண்டி. கொட்டகையில்தான் நின்றது, கடல் பக்கத்திலேயே. ஆனால் சும்மா நிற்கவில்லை. ஞாயிறுதோறும் மகன் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட்டான்.

தொண்டி_டீச்சர் (11.30)
மகன் ஸ்டார்ட் செய்தான், சரி. கிளட்சை மிதித்தானா?

நியூட்ரலில் ஸ்டார்ட் செய்தால் கிளட்ச் தட்டு, இன்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்தோடு ஒட்டியபடியே சுற்றும். பெடலை மிதித்தால்தான் இரண்டும் பிரியும். இரண்டு மாதம் மிதிக்காமல், கடலோரக் கொட்டகையில், கச்சான் காற்றில் நின்றால் ஃப்ளைவீல் முகத்தில் துரு பூத்து, தட்டைப் பசை போட்ட மாதிரி பிடித்துக்கொள்ளும். 2020 ஊரடங்கில் எங்கள் வீட்டு 800 இப்படித்தான் ஆனது. உங்கள் வண்டியில் ஐஸ் தண்ணீர் வேறு தரை வழியாக ஒழுகியிருக்கும்.

கீழக்கரை_பாய் (11.36)
அப்படித் துருவாக இருந்தால் லீவர் நுழையும் ஓட்டை வழியாக ஆயில் அடித்துவிடலாமே?

பழைய_ஸ்பானர் (11.41)
ஐயா சாமி, அந்தப் பாவத்தைச் செய்யாதீர்கள். தட்டில் ஆயில் பட்டால் நாளைக்கு வழுக்கும், அப்புறம் உண்மையிலேயே செட் மாற்ற வேண்டியதுதான். டீச்சர் சொல்வது நடக்கக்கூடியதுதான். முதல் பதிவிலேயே நின்ற வண்டி என்று சொல்லியிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ரயிலடி_ராமு (ஜூன் 13, காலை 6.20)
தடைக்காலம் 45 நாள்தானே, இரண்டு மாதம் எப்படி?

கீழக்கரை_பாய் (6.44)
எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள்? 2017-இலிருந்து 61 நாள். ஜூன் 14 வரை.

ரயிலடி_ராமு (6.50)
சரி, 61. ஆனால் தடை விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகு மீன் வந்துகொண்டுதானே இருந்தது? வண்டி ஏன் நிற்கணும்?

கீழக்கரை_பாய் (7.02)
நாட்டுப்படகில் வரும் இரண்டு கூடையை டிவிஎஸ்-50இலேயே ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்கு ஆம்னியை எடுத்தால் பெட்ரோலுக்குக்கூடக் கட்டாது.

ரயிலடி_ராமு (7.05)
அந்த இரண்டு கூடைக்கு என்ன விலை என்று தெரியுமா உங்களுக்கு? தடைக்காலத்தில்தான் நண்டுக்கு...

பரமக்குடி_பையன் (7.15)
மீன் விலைக்கு வேறு இழை திறவுங்கள் அண்ணன்மார்களே. ஐஸ்பெட்டி அண்ணே, தள்ளிப் பார்த்தீர்களா?

ஐஸ்பெட்டி_பாம்பன் (8.40)
தள்ளினோம். மூன்று பேர் தள்ளியும் உருளவில்லை. லீவர் நன்றாக அசைகிறது. என்ன செய்ய?

தொண்டி_டீச்சர் (9.10)
அப்படியானால் தட்டு ஒட்டிக்கொண்டதுதான். நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். வண்டி காலியாக இருக்கட்டும். முன்னால் ஆளோ சுவரோ இல்லாத நேர் ரோட்டுக்குக் கட்டி இழுத்துப் போங்கள். பாலத்தில் வேண்டவே வேண்டாம். கால் மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கி அணையுங்கள். செகண்ட் கியர் போட்டு, கிளட்சை அடிவரை மிதித்தபடி சாவியைத் திருப்புங்கள். வண்டி உலுக்கிக்கொண்டு தானாகக் கிளம்பும், பயப்படாதீர்கள். இடது காலைக் கிளட்ச்சிலிருந்து எடுக்கவே கூடாது. வலது காலால் ஆக்சிலரேட்டரை ஒரு மிதி, உடனே பிரேக்கை ஒரு மிதி, மாற்றி மாற்றி. நிறுத்துவதற்குச் சாவியை அணைத்துப் பிரேக் பிடியுங்கள். தட்டு விட்டால் டக்கென்று சத்தம் கேட்கும். பத்துப் பன்னிரண்டு தடவையிலும் விடவில்லை என்றால் கியர்பாக்ஸை இறக்குவதைத் தவிர வழியில்லை.

ரயிலடி_ராமு (9.25)
கோதண்டராமர் கோயில் போகும் ரோடு நேராக இருக்கும், அங்கே போகலாம்.

கீழக்கரை_பாய் (9.31)
காலையில் அந்த ரோடு முழுக்கச் சுற்றுலா வண்டி. ஆள் மேல் ஏற்றவா?

பழைய_ஸ்பானர் (10.02)
விட்டாலும் முதல் இரண்டு மூன்று நாள் கிளம்பும்போது வண்டி நடுங்கும். துருப்பொடி தேயும்வரை அப்படித்தான். அதற்கு ஒரு இழை திறக்காதீர்கள்.

ஐஸ்பெட்டி_பாம்பன் (ஜூன் 16, காலை 11.20)
விட்டுவிட்டது. ஏழாவது மிதியில் டக். லோடு ஏற்றி ராமநாதபுரம் வந்துவிட்டேன், பெட்டி இறக்கிக்கொண்டிருக்கிறோம். டீச்சருக்கு ரொம்ப நன்றி. கிளட்ச் பக்கம் சின்னதாக ஒரு உய்ய்ங் சத்தம் மட்டும் வருகிறது.

பழைய_ஸ்பானர் (11.34)
பெடலை மிதிக்கும்போதா, விடும்போதா? மிதித்தால் வருகிறது என்றால் கிளட்சைப் பிரிக்கும் ரிலீஸ் பேரிங். விட்டால் வருகிறது என்றால் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங்காக இருக்கும். எது என்று சொல்லுங்கள்.

கீழக்கரை_பாய் (ஜூன் 17, இரவு 8.15)
கேபிளையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பழைய_ஸ்பானர் (ஜூன் 19, காலை 7.40)
தம்பி? மிதிக்கும்போதா, விடும்போதா?