எங்கட நாக்கில ஏற்கெனவே இருக்கிற இங்கிலீசு

நான் கோண்டாவில் பக்கம் வீட்டில வச்சு இங்கிலீசு சொல்லிக் குடுக்கிறனான், ஓஎல் பிள்ளையளும் வருவினம், ஐயெல்ற்ஸ் (IELTS) எண்ட இங்கிலீசுப் பரீட்சை எடுத்து வெளிநாட்டுக்கு வெளிக்கிடப்போற ஆக்களும் வருவினம், கலியாண எழுத்து முடிஞ்சு லண்டன் விசாவுக்காகப் படிக்கிற பெட்டையளும் வருவினம். கனபேர் வந்த உடன சொல்லுறது ஒண்டுதான், எங்கட யாழ்ப்பாணத்து உச்சரிப்பை மாத்தித் தாங்கோ ரீச்சர் எண்டு. உதைக் கேக்க எனக்கு உண்மையா மனவருத்தமா இருக்கும், ஏனெண்டா அவை மாத்த நினைக்கிறதுக்குள்ள வச்சிருக்கவேண்டிய சாமானும் கிடக்குது.

ஒரு பிள்ளை நெடுக சென்னைச் சனல் பாக்கிறவ, அதில கதைக்கிறமாதிரி டீச்சர், டிக்கெட் எண்டு நாக்கை நல்லா மடிச்சுச் சொல்லுவா, அதுதான் சரியான இங்கிலீசு எண்ட நினைப்பு. நான் அவவை வெற்றி எண்டு ஒருக்கா, வெட்டு எண்டு ஒருக்கா சொல்லச் சொன்னன். வெட்டுக்கு நாக்கு வளைஞ்சு மேல அண்ணத்துக்குப் போகுது, வெற்றிக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால இருக்கிற முரசில (ஈறில) தொட்டு நிக்குது. இங்கிலீசுக்காரர் ரீ (T) எழுத்துக்கு நாக்கு வைக்கிற இடம் அந்த முரசுதான். எங்கட சனம் ரிக்கற், பெற்றோல், ரொறன்ரோ எண்டு ரீ வாற இடத்தில ரகரமோ றகரமோ போட்டு எழுதுறது அந்தச் சத்தம் எங்கட வாயில இருக்கிறபடியாத்தான், தமிழ்நாட்டில அதையே டொராண்டோ எண்டு எழுதுவினம், அவைக்கு அது சரி. எங்களுக்கு வீட்டிலயே கிடைச்ச நாக்கைத் திருப்பி மடிக்கச் சொல்லிப் பழக்கிறது எனக்குப் பிடிக்கேல்ல. கூடச் சேக்கவேண்டியது ரெண்டு விசயம்: சொல்லின்ர துவக்கத்தில ரீ வந்தா கொஞ்சம் காத்துத் தள்ளோணும், உள்ளங்கையை வாய்க்கு முன்னால பிடிச்சுப் பாத்தா தெரியும், கே (K), பி (P) எழுத்துக்கும் அப்பிடித்தான். மற்றது கடைசியில உகரம் போடாமல் டக்கெண்டு நிப்பாட்டோணும், பூனைக்குக் கற்று இல்லை, கற்.

சத்தம் பிழைக்கிறதுக்குப் பெரிய காரணம் எழுத்தைப் பாத்து வாசிக்கிறது. லண்டன் போற பிள்ளை ஒண்டு, வெஜிரேபிள் எண்டு கடைசியில ஒரு மேசையையே வச்சுத்தான் சொல்லுவா, அவவில பிழை இல்லை, எழுத்தில ரேபிள் எண்டுதானே கிடக்கு. வாய்க்கு வரவேண்டியது வெஜ்-ர-பிள், முதல் அசையில மட்டும் அழுத்தம், மிச்சம் ரெண்டும் மெலிஞ்சு போயிடும். புதன்கிழமைக்கும் அதே கதை, எழுத்தில நடுவில டி நிக்கும், வாயில வென்ஸ்டேதான். நாங்கள் தமிழில எல்லா அசையையும் கிட்டத்தட்ட ஒரே பாரத்தில சொல்லுற ஆக்கள், இங்கிலீசில ஒரு அசையைத் தூக்கி மற்றதை விழுத்தோணும், கேக்கிறவனுக்கு விளங்காமல் போறது கனதரம் இதிலதான். அந்தப் பிள்ளை விசாவுக்கு எடுத்த ஏவண் (A1) பரீட்சையில எழுத்து வேலையே இல்லை, கேக்கிறதும் கதைக்கிறதும் மட்டும், அதால கொப்பியை மூடி வச்சிட்டுக் காதால மட்டும் படிப்பிச்சன். பாஸ் பண்ணிப் போட்டா, இப்ப அங்கயிருந்து வொய்ஸ் அனுப்புறவ.

ஐயெல்ற்ஸ் ஆக்களுக்கு அப்பிடி விடேலாது, லிசினிங்கில 40 கேள்வி, விடையைக் காதால பிடிச்சாலும் எழுத்துப் பிழைச்சா அந்த மாக்ஸ் போச்சு. ஸ்பீக்கிங்கில உச்சரிப்புக்கு நாலில ஒரு பங்கு, ஆனா அங்க பாக்கிறது விளங்குதோ எண்டதைத்தான், வெள்ளைக்காரன் மாதிரிக் கதைக்கத் தேவையில்லை.

எழுத்தைப் பாடமாக்க மாட்டன் எண்டு அடம்பிடிச்ச பெடியன் ஒருத்தன், பள்ளிக்கூடத்தில ஸ்பெலிங்குக்கு அடி வாங்கி வெறுத்துப் போனவன். அவனுக்குக் கதையாச் சொன்னன். நைட் எண்ட போர்வீரன்ர சொல்லில முன்னால கே எழுத்தும் நடுவில ஜீயும் எச்சும் சும்மா நிக்கேல்ல, ஒரு காலத்தில அவ்வளவையும் வாயால சொன்னவை. 1476ல கக்ஸ்ரன் எண்ட அச்சுக்காரர் இங்கிலாந்தில வெஸ்ற்மின்ஸ்ரரில அச்சுக்கூடம் போட்டார், பேந்து மெல்ல மெல்ல எழுத்து இறுகிப் போச்சு, சத்தம் பாட்டுக்கு மாறிக்கொண்டே போச்சு. கடனுக்குச் சொல்லுற டெற்றில (debt) இருக்கிற பி (B), லத்தீனைப் பாத்துப் படிச்ச ஆக்கள் பிறகு செருகினது. ஐலண்டில எஸ்ஸும் அப்பிடித்தான், அதை ஒருநாளும் ஆரும் உச்சரிச்சதில்லை. உதைக் கேட்ட பிறகு அவனே ஒவ்வொரு சொல்லாக் கொண்டுவந்து இது ஏன் ரீச்சர் எண்டு கேக்கத் துவங்கினான்.

வட்டுக்கோட்டையில அமெரிக்க மிசன் செமினரி துவங்கினது 1823ல, அவ்வளவு காலமா இந்த மண்ணில இங்கிலீசு படிப்பிக்கினம், இன்னும் பிள்ளையளை வாயைத் திறக்க விடாமல் அடிச்சுத்தான் படிப்பிக்கிறது எண்டா எனக்குக் கோவம் வரும்.

இப்ப நான் மினக்கெடுறது வீயோடயும் டபிள்யூவோடயும். உள்ளுக்குப் போடுற பெனியனுக்கும் மேற்குத் திசைக்கும் தமிழில எழுதினா ரெண்டும் வெஸ்ற்தான். பெனியனுக்குக் கீழ்ச்சொண்டு மேல்பல்லில படோணும், மேற்குக்கு ஊ சொல்லுறமாதிரிச் சொண்டைக் குவிச்சுப்போட்டுத் திறக்கோணும். தனிய நிண்டு சொல்லேக்க எல்லாருக்கும் வருது, வசனத்துக்குள்ள வந்தா பழையபடி எங்கட வகரம்தான். பெரியாக்களுக்கு இதைப் பழக்கின ஆரும் இருந்தா என்ன செய்தனீங்கள் எண்டு எழுதுங்கோ.