ப்ராஜெக்ட் கை மீறிப் போகுது, ஆள் சேர்த்தா சரியாயிடுமா?

கேள்வி (தூக்கமில்லா டெவலப்பர்):
ஜவுளி மொத்த வியாபாரி ஒருத்தருக்கு பில்லிங், ஸ்டாக் சாஃப்ட்வேர் பண்றோம். டீம்ல அஞ்சு பேரு. தீபாவளி சீசனுக்கு முன்னாடி லைவ் போகணும், ஆனா எந்த மாட்யூலைக் கேட்டாலும் எண்பது பர்சன்ட் முடிஞ்சிருச்சுன்னே பதில் வருது, நடுவுல கிளையன்ட் வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட் போட்டு புதுசு புதுசா கேக்குறார், மேனேஜரும் எல்லாத்துக்கும் ஓகே சொல்லிடுறார். இப்ப இன்னும் அஞ்சு பேரைச் சேர்க்கலாம்ங்கிறார். சீனியர் ஒருத்தர் தூக்கிப் போட்டுட்டு முதல்லேர்ந்து எழுதலாம்ங்கிறார். என்ன பண்ணலாம்?

பழைய டெஸ்டர்:
ஆளை மட்டும் சேர்க்காதீங்க. ஐபிஎம்ல ஓஎஸ்/360ங்கிற ஆபரேட்டிங் சிஸ்டம் வேலையை நடத்துன ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975லயே சொல்லிட்டார், லேட்டான ப்ராஜெக்ட்ல ஆள் சேர்த்தா இன்னும் லேட்டாகும்னு. அஞ்சு பேருக்குள்ள பேசிக்க 10 ஜோடி, பத்து பேர்னா 45. வர்றவங்களுக்குச் சொல்லிக் குடுக்கப்போறதும் நீங்கதானே!
ஒண்ணு சொல்லுங்க, பில் போட்டு, ஸ்டாக் குறைஞ்சு, ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் போர்ட்டல்லேர்ந்து ஐஆர்என் (பில்லுக்கு அது தர்ற நம்பர்) வந்து, க்யூஆரோட பிரின்ட் ஆகி, அதே சரக்கு ரிட்டர்ன் வந்தா கிரெடிட் நோட் வரைக்கும் முழுசா ஓடுதா?

தூக்கமில்லா டெவலப்பர்:
பிரின்ட் வருது. ரிட்டர்ன் போட்டா ஸ்டாக் திரும்ப ஏறல. ஐஆர்என்னை சாண்ட்பாக்ஸ்ல, அதாவது டெஸ்ட் போர்ட்டல்ல, டம்மி பார்ட்டி (கஸ்டமர்) வச்சுதான் பாத்தோம்.

பழைய டெஸ்டர்:
அப்ப அது எண்பது இல்ல சார். கிளையன்ட்டோட பழைய பார்ட்டி மாஸ்டரை, அதாவது கஸ்டமர் பேரு, அட்ரஸ் லிஸ்ட்டை எடுத்து ஓட்டிப் பாருங்க, பின்கோடும் ஸ்டேட்டும் ஒத்துப்போகலைன்னா போர்ட்டல் எரர் அடிக்கும், சீசன் நேரத்துல பில் இல்லாம வண்டி கிளம்பாது. இந்த ஒரு பாதை ஓடுற வரைக்கும் டேஷ்போர்டு, கலர் கலரா ரிப்போர்ட் எதையும் தொடாதீங்க.

கோவை கோடர்:
திருப்பி எழுதுற ஆசையை அடக்குங்க ப்ரோ. நெட்ஸ்கேப் பிரவுசர்காரங்களும் இப்படித்தான் பழைய கோடைத் தூக்கிப் போட்டுட்டு முதல்லேர்ந்து எழுதுனாங்க. வெர்ஷன் 4 வந்தது 1997ல, அடுத்தது 6ஆ 2000 கடைசியிலதான் வந்துச்சு, 5 வெளியவே வரல, அதுக்குள்ள மைக்ரோசாஃப்ட் மார்க்கெட்டை அள்ளிருச்சு.
வாய்ஸ் நோட்டை எல்லாம் ஒரு ஷீட்ல ஏத்துங்க. பக்கத்துலயே "இதுக்குப் பதிலா எதைத் தள்ளி வைக்கலாம்?"னு ஒரு கட்டம், அதை கிளையன்ட்டே நிரப்பட்டும். வாராவாரம் டெமோ வைங்க, முதலாளிக்கு இல்ல, அங்க பில் போடுற அக்காவை உக்கார வச்சு அன்னிக்கு போட்ட பில்லையே திரும்பப் போடச் சொல்லுங்க. எங்க சிக்குறாங்களோ அதுதான் அந்த வார வேலை.

தூக்கமில்லா டெவலப்பர்:
ஷீட்டைக் காட்டுனதும் ஏஜென்ட் கமிஷன் ரிப்போர்ட்டைப் பொங்கலுக்கு அப்புறம் பாத்துக்கலாம்னு அவரே சொல்லிட்டார். மாஸ்டரை ஓட்டுனா பின்கோட் எரரா கொட்டுது, ரெண்டு பேரை அதுல போட்டிருக்கோம். மேனேஜர் இன்னும் ஆள் கேட்டுட்டுதான் இருக்கார்.