குடும்பக் குழு: செம்பருத்திப் பக்கம்

கவிதா: 📷 அத்தை, வாட்டர்கலர்ல செம்பருத்தி வரைஞ்சேன், இந்த இலையைப் பாருங்க. நடுவுல காலிபிளவர் மாதிரி விளிம்பு விட்டுடுச்சு. பூவுலயும் புள்ளி புள்ளியா இருக்கு. பேப்பர் தடிமன்தான், சதுர மீட்டருக்கு 300 கிராம்.

சரோ அத்தை: ரெண்டும் வேற வேற கோளாறும்மா. இலையில முதல் பூச்சு பாதி காய்ஞ்சிருக்கறப்போ தண்ணியா இன்னொண்ணு வெச்சிருக்க. புதுத் தண்ணி பரவி, பழைய சாயத்தை ஓரமா தள்ளிட்டுப் போய் விட்டுடும். பேப்பர் பளபளன்னு ஈரமா இருக்கறப்போ சேர்க்கலாம். முழுசா காய்ஞ்சப்புறம் சேர்க்கலாம். நடுவுல, மினுமினுப்பு மங்கின நேரத்துல கையே வைக்காத.

கவிதா: காய்ஞ்சிடுச்சுன்னு நினைச்சேன் அத்தை.

சரோ அத்தை: புறங்கையைப் பட்டும் படாம வெச்சுப் பாரு. ஜில்லுன்னு இருந்தா இன்னும் ஈரம். மழை நாள்ல கண்ணை நம்பாதே.

குமார் மாமா: ஹேர் டிரையர் காட்டலாம். ஒரு முழம் தள்ளிப் பிடி. கிட்ட பிடிச்சா ஈரச் சாயத்தைக் காத்து தள்ளிடும்.

சரோ அத்தை: பூவுல இருக்கற புள்ளி பேப்பரோட கோளாறு. பேப்பர்ல ஒரு பசை ஏத்தியிருப்பாங்க, அதனாலதான் சாயம் மேலேயே நிக்குது. நம்ம ஊர் ஈரத்துல அது கெட்டா, அந்த இடம் மட்டும் ஒற்றுத்தாள் மாதிரி உறிஞ்சிக்கும். மிச்சப் பக்கத்தைச் சாயம் கலந்து பார்க்க வெச்சுக்கோ.

குமார் மாமா: வரையற புத்தகம் எங்க இருந்துச்சு?

கவிதா: வெளி வராந்தா அலமாரில மாமா.

குமார் மாமா: அதான். ஜிப் பையில போட்டு, சப்பாத்துப் பெட்டில வருமே சிலிக்கா ஜெல், அது 2 பொட்டலம் போடு. வரைஞ்ச கையோட பைக்குள்ள வைக்காதே. ஒரு ராத்திரி திறந்து கிடக்கட்டும். இல்லன்னா ஈரத்தை நாமளே உள்ள அடைச்ச மாதிரி ஆயிடும்.

வேணி சித்தி: சாயப் பெட்டியும் அப்படித்தான் லா. ஈரத்தோட மூடினா வெள்ளையா பூஞ்சை பிடிக்கும். தேன் கலந்த சாயம் வாங்காதே, இங்க காயாம பிசுபிசுன்னே கிடக்கும். எறும்பும் வரும்.

கவிதா: சரி சித்தி. பச்சை ஏன் பிளாஸ்டிக் மாதிரி தெரியுது? டியூப்ல இருந்து அப்படியே வெச்சேன்.

சரோ அத்தை: டியூப்ல பி.ஜி. 7-ன்னு போட்டிருக்கும் பாரு, தேலோ பச்சை. தனியா வெச்சா எந்த இலையும் அந்த நிறத்துல இருக்காது. ஒரு துளி சிவப்பு சேர்த்தா அடங்கும். செம்பருத்தி இலைக்கு அல்ட்ராமரைன் நீலம் 1 பங்கு, மஞ்சள் 2 பங்குல ஆரம்பி. வெத்தலைக்கு மஞ்சள் இன்னும் கூட. வெத்தலை மினுக்குக்கு வெள்ளைச் சாயம் வேணாம், அந்த இடத்துல பேப்பரை அப்படியே விட்டுடு. நரம்பும் அதே மாதிரிதான். நரம்பை வரையாதே, நரம்புக்கு ரெண்டு பக்கமும் பூசு.

வேணி சித்தி: சிவப்பு டியூப்ல பி.ஆர். 83 இருக்கா பாரு. அது அலிசாரின், சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டினா வெளிச்சத்துல வெளுத்துடும். பி.வி. 19 வாங்கு, நிக்கும்.

கவிதா: நாளைக்குப் புதுப் பூ பறிச்சு முதல்ல இருந்து வரையுறேன்.

சரோ அத்தை: காலையிலேயே பறி. ஒரு நாள் பூ அது. தண்ணில வைக்கலன்னாலும் சாயங்காலம் வரைக்கும் விரிஞ்சே இருக்கும், அவசரமே இல்ல. பென்சில் எச்.பி. போதும். 2எச்-ல அழுத்தினா பேப்பர் பள்ளமாகி சாயம் அதுல போய்த் தேங்கும்.

குமார் மாமா: இதழ் 5. நம்ம மலேசியாவோட தேசியக் கோட்பாடு ருக்குன் நெகாரா, அதுக்கு 5 கோட்பாடுன்னு பள்ளிக்கூடத்துல சொல்லித் தர்றாங்களே, மறக்காது. அடுக்குச் செம்பருத்தின்னா கணக்கு வேற.

சரோ அத்தை: நடுக்குழலை நல்லா பாரு. நுனியில 5 சிவப்பு உருண்டை, வெல்வெட் மாதிரி. மஞ்சள் மகரந்தப் பொடி அதுக்குக் கீழ, குழலைச் சுத்தி. நிறைய பேர் நுனியிலேயே மஞ்சளை வெச்சிடறாங்க. அந்த மஞ்சளுக்கு முதல்லயே இடம் விட்டுடு, சிவப்பு மேல மஞ்சள் ஏறாது.

கவிதா: இதழ் அஞ்சையும் ஒரே மூச்சுல பூசலாமா?

சரோ அத்தை: வேணாம்மா. பக்கத்து இதழ் ஈரமா இருந்தா சாயம் அதுக்குள்ள ஓடி, ரெண்டும் ஒண்ணாயிடும். முதல்ல 1, 3. காய்ஞ்சதும் 2, 4. அஞ்சாவது ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிட்டு நிக்கும், அது காய்ஞ்சப்புறம் தனியா.