'மச் அடோ' படிக்க வலப்பக்க நவீன ஆங்கிலம் தேவையா?

கரைவாசி: ஷேக்ஸ்பியரின் 'மச் அடோ அபவுட் நத்திங்'. இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் இன்றைய ஆங்கிலம் என்று அச்சிட்ட பதிப்பு கையில் இருக்கிறது. வலப்பக்கத்தைப் பார்த்துப் படிக்கலாமா, கூடாதா?

குவார்ட்டோ1600: கூடாது. இந்த நாடகத்தில் பெரும்பகுதி உரைநடை. செய்யுளை மடக்கி மடக்கிப் பொருள்கொள்ளும் பாடு குறைவு. சிரிப்பு இருப்பதோ ஓசையில். முதல் காட்சியிலேயே தூதன், நாயகன் பெனடிக்கை 'நல்ல போர்வீரனும்கூட, அம்மணி' என்று நாயகி பியாட்ரிஸிடம் புகழ்கிறான். அவன் சொன்ன 'டூ, லேடி'யை அவள் 'டு எ லேடி' ஆக்கி, 'பெண்ணிடம் வீரன்தான், ஒரு பிரபுவிடம்?' என்று குத்துகிறாள். தலைப்பும் அப்படியே. அன்றைய உச்சரிப்பில் 'நத்திங்', 'நோட்டிங்' இரண்டும் ஏறக்குறைய ஒன்று. நோட்டிங் என்றால் கவனிப்பது, 'நோட்' இசைக்குறிப்பும்கூட. ஆளுக்கு ஆள் ஒட்டுக்கேட்டுக் கெடும் கதைக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு ஏது? வலப்பக்கத்தில் பொருள் கிடைக்கும், சிலேடை கிடைக்காது. காளமேகத்தின் பாட்டை விட்டுவிட்டுப் பொழிப்புரையை மட்டும் படிப்பதற்குச் சமம்.

வலப்பக்கம்: காளமேகத்தை உரையே இல்லாமல் எத்தனை பேர் படிக்கிறார்களாம்?

தெரியாத சொல்லால் கெடுதல் இல்லை, அகராதி இருக்கிறது. தெரிந்ததுபோல் நிற்கும் சொல்தான் கவிழ்த்துவிடும். இரண்டாம் அங்கம் மூன்றாம் காட்சியில், பியாட்ரிஸ் தன்னைக் காதலிப்பதாக நண்பர்கள் வேண்டுமென்றே பேசுவதை ஒளிந்திருந்து கேட்ட பெனடிக், அந்தப் பேச்சு 'சாட்லி' நடந்தது என்கிறான். சோகமாக என்று எடுத்தால் காட்சியே கோணிவிடும். அங்கே அதற்கு 'விளையாட்டில்லாமல்' என்று பொருள். அதனால்தான் இது தந்திரமாக இருக்காது என்று நம்பி ஏமாறுகிறான். அதே காட்சியில் 'ப்ராப்பர் மேன்' என்றால் அழகன், ஒழுங்கானவன் இல்லை. இந்த இடங்களில் யாருக்கும் அகராதியைத் திறக்கத் தோன்றாது.

குவார்ட்டோ1600: சரி, டாக்பெர்ரிக்கு வாருங்கள். காவல்காரர்களின் தலைவன், சொல்லுக்குச் சொல் தப்பு. மூன்றாம் அங்கம் ஐந்தாம் காட்சியில், 'சந்தேகத்துக்குரிய இருவரைப் பிடித்துவிட்டோம்' என்று சொல்ல வந்தவன், நம் மொழியில் சொன்னால், 'மங்களகரமான இருவரைப் புரிந்துகொண்டோம்' என்கிற ரகத்தில் உளறுகிறான். 1600 குவார்ட்டோவில், அதாவது நாடகத்தின் முதல் அச்சுப் பதிப்பில், நான்காம் அங்கம் இரண்டாம் காட்சியில் அவன் பேச்சுக்கு முன்னால் 'கெம்ப்' என்று நடிகர் பெயரே அச்சாகியிருக்கிறது. வில் கெம்ப் என்ற கோமாளி நடிகரை மனத்தில் வைத்து எழுதிய உளறல் அது. அதைத் திருத்தித் தரும் வலப்பக்கம் எதற்கு?

வலப்பக்கம்: திருத்தினால் அது மட்டமான பதிப்பு, வாங்காதீர்கள். திருத்தாத பதிப்பின் பயனைக் கேளுங்கள். ஆங்கிலம் நமக்கு இரண்டாம் மொழி. பழைய நூலில் விசித்திரமான சொல் வந்தால், 'அந்தக் காலத்தில் இப்படித்தான் போல' என்று தாண்டிப் போவோம். எல்லாம் இன்றைய ஆங்கிலமாக இருக்கிற வலப்பக்கத்திலும் அந்தச் சொல் மட்டும் கோணலாக நின்றால்தான், தப்பு காலத்தினுடையது அல்ல, டாக்பெர்ரியுடையது என்று உறைக்கும்.

குவார்ட்டோ1600: இதை மறுக்க முடியவில்லை. இது ஒன்றுக்கு மட்டும்.

நீயும்நீங்களும்: இருவரும் பேசாத ஒன்று. மூலத்தில் 'தௌ', 'யூ' இரண்டும் உண்டு. நம் நீ, நீங்கள் போல. வலப்பக்கம் இரண்டையும் 'யூ' ஆக்கிவிடும். நான்காம் அங்கம் முதல் காட்சியில் இதனால் போவது கொஞ்சநஞ்சமல்ல. பெனடிக் 'யூ'வில்தான் காதலைச் சொல்லத் தொடங்குகிறான். 'என் வாள்மீது ஆணை, நீ என்னைக் காதலிக்கிறாய்' என்னும்போது 'தௌ'வுக்கு இறங்குகிறான். அடுத்த வரியிலேயே கூசி 'யூ'வுக்குத் திரும்புகிறான், மறுபடி 'தீ' (உன்னை) என்கிறான். பியாட்ரிஸ் அந்தக் காட்சி முழுக்க 'யூ'வை விடுவதில்லை. மூன்றாம் அங்கம் முதல் காட்சியில், உறவுப்பெண்ணும் தோழியும் பேசியதை ஒட்டுக்கேட்டுத் தனியாக நிற்கையில், அங்கே இல்லாத பெனடிக்கை அவள் 'தீ' என்றவள்! நேரில் வாய் வரவில்லை.

பெனடிக்கின் நண்பன் கிளாடியோ, பியாட்ரிஸின் உறவுப்பெண்ணான ஹீரோவைத் திருமணத்தில் பழி சொல்லி அவமானப்படுத்தியவன். அவனைக் கொல்லச் சொல்லி 'கில் கிளாடியோ' என்று அவள் கேட்டதற்குப் பின் இன்னும் கூர்மை. முதலில் மறுக்கிறான், கெஞ்சுகிறான், 'இந்தக் கைமீது ஆணை, உன்னைக் காதலிக்கிறேன்' என்கிறான். பிறகு சட்டென்று 'கிளாடியோ ஹீரோவுக்கு அநியாயம் செய்தான் என்று மனதார நினைக்கிறீர்களா?' இங்கே 'யூ'. கொஞ்சல் முடிந்து வாள் எடுக்கும் பேச்சு தொடங்குவது அந்த ஒரு சொல்லில். ஆங்கிலம் மட்டும் தெரிந்த இன்றைய வாசகருக்கு இதை விளக்க வேண்டும். தமிழருக்குக் கோடு போட்டால் போதும்.

கரைவாசி: அப்படியானால் எந்த வரிசையில் படிப்பது?

வலப்பக்கம்: மொத்தம் 17 காட்சிகள். ஒவ்வொன்றின் கதைச்சுருக்கத்தை நாலைந்து வரியில் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வலப்பக்கத்தை ஒரு அட்டையால் மூடிவிட்டு மூலத்தில் 30, 40 வரிகளை வாய்விட்டுப் படியுங்கள். புரியாத இடத்தில் பென்சில் கோடு, நிற்க வேண்டாம். பிறகு அட்டையை எடுத்துக் கோடு போட்ட வரிகளை மட்டும் பாருங்கள். கடைசியில் மூலத்தை இன்னொரு முறை. அட்டை இல்லையென்றால் கண் தானாக வலப்பக்கம் வழுக்கும். மூன்றாம் அங்கத்துக்குள் இடப்பக்கத்தையே மறந்துவிடுவீர்கள்.

குவார்ட்டோ1600: கோடு போடாத வரிகளில்தானே உங்கள் 'சாட்லி' ஒளிந்திருக்கிறது? அடிக்குறிப்பு உள்ள பதிப்பு என்றால் அதுவே எண் போட்டு நிறுத்தும்.

வலப்பக்கம்: நியாயம். காட்சி முடிந்ததும் வலப்பக்கம் முழுவதையும் ஒருமுறை வேகமாக ஓட்டச் சொல்லியிருக்க வேண்டும். அடிக்குறிப்பையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்; அதிகமானால் பேச்சின் வேகம் அறுந்துபோகும், அவ்வளவுதான்.

கரைவாசி: இரண்டாம் அங்கம் முதல் காட்சியில் கிளாடியோவை 'சிவில் அஸ் அன் ஆரஞ்சு' என்கிறாள் பியாட்ரிஸ். ஆரஞ்சுக்கு என்ன மரியாதை?

வலப்பக்கம்: ஸ்பெயினின் செவில் நகரத்துக் கசப்பு ஆரஞ்சு. அவன் முகம் அந்த நிறத்தில், பொறாமையில். மார்மலேட் போடுகிறார்களே, அந்தப் பழம்தான்.

குவார்ட்டோ1600: விளக்கம் சரி, சிரிப்பு எங்கே? இடப்பக்கத்தைச் சத்தமாகப் படியுங்கள் கரைவாசி: சிவில், செவில்.